கொழும்பிற் குடிபுகுவோர்

ஊரைவிட்டு உத்தியோகத்தின் பொருட்டுத் தலைநகர் செல்லுதல் இலங்கைத் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 1905ஆம் ஆண்டிலே வடபாதைப் புகையிரதம் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்த நாள்முதலாக, கையில் ஒரு பெட்டியும் சட்டைப்பையில் ஒரு நியமனக் கடிதமுமாக இளைஞர் பலர் கோட்டைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கினர். யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் செல்லாதிருந்த 1990 முதல் 2014 வரையான காலத்திலும் அவ்வரவு முற்றாக நின்றதில்லை. மட்டக்களப்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருவோர் ஒருபால். ஹற்றன், பதுளை முதலிய மலைநாட்டு ஊர்களிலிருந்து வருவோர் மற்றொருபால். இவர்கள் அனைவரும் கொழும்பில் முதலில் எதிர்கொள்ளும் பிரச்சினை ஒன்றே. அஃது இருப்பிடப் பிரச்சினை.

நியமனக் கடிதம் வந்த வீட்டில் மகிழ்ச்சி ஒரு நாள் நிற்கும். மறுநாட் காலையில், "பிள்ளை எங்கே தங்குவது?" என்ற கேள்வி எழும். அக்கேள்விக்குப் பெரும்பாலும் உறவினரே விடை கூறிவிடுவர். மாமன் ஒருவர் வெள்ளவத்தையில் இருந்தால் வெள்ளவத்தை. ஊரவர் ஒருவர் கொட்டாஞ்சேனையிற் கடை வைத்திருந்தாற் கொட்டாஞ்சேனை. இவ்வாறு அமையும் இடம் நல்லதாயும் இருக்கலாம், தீயதாயும் இருக்கலாம். ஆயினும் அது தெரிந்தெடுத்த இடமன்று, வாய்த்த இடம். மணமகனையும் மணமகளையும் எத்தனையோ வகையில் விசாரித்துத் தெரிகின்ற நம்மவர், வாழ்நாளிற் பத்து இருபது ஆண்டுகளைக் கழிக்கப்போகும் வீட்டை அரைமணி நேரத்திற் பேசி முடித்துவிடுதல் வியப்பிற்குரியது.

இருப்பிடத்தைத் தெரிவதற்கு மூன்று வினாக்கள் வேண்டும். வேலைத்தலம் எங்கே? போய்வர எவ்வளவு நேரம் செல்லும்? பகலில் வீட்டில் இருப்பவர் யார்? முதலிரண்டையும் பலர் கேட்கின்றனர். மூன்றாவதைக் கேட்போர் சிலரே. அதுவே முதலிரண்டினும் பெரிய வினா என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். கொழும்பு மாநகரம் 15 தபால் வலயங்களாக வகுக்கப்பட்டுள்ளது. முதலாம் வலயம் கோட்டை. பதினோராம் வலயம் புறக்கோட்டை. கடலோரமாகத் தெற்கே சென்றால் மூன்றாம் வலயமாகிய கொள்ளுப்பிட்டியும், நான்காம் வலயமாகிய பம்பலப்பிட்டியும், ஆறாம் வலயமாகிய வெள்ளவத்தையும் வரிசையாக வரும். வடக்கே சென்றால் பதின்மூன்றாம் வலயமாகிய கொட்டாஞ்சேனையும், பதினைந்தாம் வலயத்து முகத்துவாரமும் மட்டக்குளியும் களனி கங்கை கடலோடு கலக்கும் இடம்வரை பரந்து கிடக்கின்றன.

நகரம் தெற்கு நோக்கி நீண்டமைக்குக் காரணம் உண்டு. 1877இற் கரையோரப் புகையிரதப் பாதை மொறட்டுவை வரை திறக்கப்பட்டது. 1894இல் அது காலியை அடைந்தது. கந்தோர்களும் வர்த்தக நிலையங்களும் கோட்டையிலும் துறைமுகத்தின் அயலிலும் இருந்த காலம் அது. வெள்ளவத்தையில் வசித்த எழுதுவினைஞர் ஒருவர் காலை வண்டியேறிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து கந்தோருக்கு நடந்து செல்லக் கூடியதாயிருந்தது. வண்டி சென்ற வழியே குடிகளும் சென்றன. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வெள்ளவத்தையை நாடியதற்கும், நாளடைவில் அவ்விடம் 'சின்ன யாழ்ப்பாணம்' எனப் பெயர் பெற்றதற்கும் இவ்வசதி ஒரு காரணமாகும்.

ஆனால் அக்காலத்து நியாயம் இக்காலத்துக்கு முற்றும் பொருந்தாது. 1982ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் எழுந்த புதிய கட்டிடத்துக்கு மாறியது. அதன் அயலிலுள்ள பத்தரமுல்லையிற் செத்சிரிபாய, இசுருபாய முதலிய பெருங்கட்டிடங்கள் எழுந்தன. கல்வி அமைச்சு உட்பட அரசாங்கக் கந்தோர்கள் பல அங்குச் சென்றுவிட்டன. வடக்கே கட்டுநாயக்காவில் 1978இல் தொடங்கிய ஏற்றுமதி வலயம் ஆயிரக்கணக்கானோர்க்குத் தொழில் வழங்கியது. ஆதலின் 'கொழும்பில் வேலை' என்ற சொல் இன்று ஓரிடத்தைக் குறிப்பதன்று. கோட்டையிற் கந்தோர் உள்ளவருக்கு வெள்ளவத்தை தக்க இடமாகலாம். இசுருபாயவிற் கடமையாற்றுபவருக்கு அதே வெள்ளவத்தை நாள்தோறும் அலைச்சல் தரும் இடமாகலாம். சக்கரத்தின் ஆரங்கள் குடத்திற் சென்று சேர்வதுபோலக் கொழும்பின் பெருவீதிகளும் புகையிரதப் பாதைகளும் கோட்டை, புறக்கோட்டைப் பகுதியிற் சென்று சேர்கின்றன. ஆரத்தின் வழியே உள்ளே போய்வருதல் எளிது. ஓர் ஆரத்திலிருந்து மற்றோர் ஆரத்துக்குக் குறுக்கே செல்லுதல் கடினம். படத்திற் பக்கத்திற் பக்கமாய்த் தோன்றும் இரண்டு இடங்களுக்கு இடையே இரண்டு பஸ் வண்டிகள் மாறவேண்டி நேர்வது இதனாலேயே.

இரண்டாவது வினா நேரத்தைப் பற்றியது. வாடகை என்பது பணத்தால் மட்டும் கொடுக்கப்படுவதன்று; நேரத்தாலும் கொடுக்கப்படுவது. நகரத்தின் நடுவே வாடகை அதிகம் என்று அஞ்சி வெகுதூரம் செல்பவர், தாம் மிச்சம் பிடித்த பணத்தை மட்டும் எண்ணுகின்றார். கொடுத்த நேரத்தை எண்ணுவதில்லை. போகும்போது ஒரு மணிநேரமும் வரும்போது ஒரு மணிநேரமும் மேலதிகமாகச் செலவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 வேலைநாள்களுக்கு அது 44 மணிநேரம். ஆண்டொன்றுக்கு 528 மணிநேரம். அதாவது, இரவும் பகலுமாக முழுமையாய் 22 நாள்கள் பஸ் வண்டியில் நின்று கழிகின்றன. அந்நேரம் பிள்ளையின் பாடத்தைப் பார்த்திருக்கக்கூடிய நேரம், உறங்கியிருக்கக்கூடிய நேரம். வாடகை குறைந்த வீடு சிலருக்கு உண்மையாகவே இலாபந்தான். ஆயினும் பஸ் கட்டணத்தையும் இவ்விரண்டு மணிநேரத்தையும் வாடகையோடு கூட்டிப் பார்த்த பின்னரே அதனை இலாபம் என்று சொல்லல் வேண்டும்.

தூரத்தைக் கிலோமீற்றராலும் அளத்தல் போதாது. புகையிரத நிலையத்துக்கு நடந்துசெல்லும் தூரத்தில் உள்ள வீடு, நெடுந்தொலைவில் இருந்தாலும் அண்மையில் உள்ளதே. மருதானையிலிருந்து நாரஹேன்பிட்டி, நுகேகொடை, மஹரகம வழியாக அவிசாவளைக்குச் செல்லும் களனிவெளிப் பாதையிலும், றாகமை, கம்பஹா வழியாகச் செல்லும் பிரதான பாதையிலும் இவ்வாறான இடங்கள் பல உள. 2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் அருகிப்போயிற்று. எரிபொருள் நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையிற் கிடந்தன. மோட்டார்ச் சைக்கிளை நம்பித் தொலைவிற் குடியேறியோர் வேலைக்குச் செல்ல வழியின்றித் திகைத்தனர். நடந்து செல்லக் கூடியவரும், நெரிசலிலேனும் புகையிரதத்தில் ஏறக் கூடியவரும் ஒருவாறு சமாளித்தனர். இருப்பிடத்தைத் தெரிவோர் நல்ல காலத்தை மட்டும் கணக்கிற் கொள்ளலாகாது என்பதற்கு அவ்வாண்டு தக்க சான்று.

தனியராய் வருவோர்க்கு ஒரு வார்த்தை. அவர்கள் வந்தவுடன் நிலையான இடம் தேடுதல் வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஓர் அறையோ விடுதியோ போதும். புதியவருக்கு வீதி தெரியாது. காலை நெரிசல் எத்தன்மையது என்பது தெரியாது. தம் கந்தோர் எத்தனை மணிக்கு உண்மையில் விடும் என்பதும் தெரியாது. இவற்றையெல்லாம் அறிந்த பின்னர் தெரியும் இடமே நிலைக்கும். முற்காலத்தில் இளம் உத்தியோகத்தர் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, மாத முடிவிற் செலவைப் பங்கிட்டுக்கொள்வர். இதனைச் 'சமறி' என்று வழங்குவர். செலவு குறைவு, துணை உண்டு, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஒருவர் இருப்பார். இன்று சமையற்காரர் அருகிவிட்டனராயினும் சேர்ந்திருக்கும் வழக்கம் மறையவில்லை. ஆனால் கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாத கூட்டுக் குடித்தனம் நட்பை முறிப்பதற்கே வழியாகும்.

வேலைக்கு வரும் பெண்கள் வேறும் சிலவற்றை நோக்கல் வேண்டும். இரவுவேலை முடிந்து திரும்பும்போது பஸ் தரிப்பிடத்திலிருந்து வாசல்வரை வெளிச்சம் உண்டா? வழியிற் கடைகள் திறந்திருக்குமா? கட்டுநாயக்கா அயலிலுள்ள விடுதிகளைப் போல ஓர் அறையிற் பலர் தங்கும் இடமாயின், குளியலறையும் கழிப்பறையும் எத்தனை பேருக்குப் பொது? பெட்டியைப் பூட்டி வைக்க இடம் உண்டா? கடிதத்திலோ தொலைபேசியிலோ இவை தெரியமாட்டா. தாயோ தமையனோ உடன்வந்து மாலைப்பொழுதில் அவ்வொழுங்கையில் ஒருமுறை நடந்து பார்த்தல் நன்று.

இனி மூன்றாவது வினா. குடும்பத்தோடு வருபவர் வீட்டைத் தமக்கு ஏற்றதாகவே பெரும்பாலும் தெரிகின்றார். கந்தோருக்கு அண்மையா, பஸ் வசதி உண்டா என்று பார்க்கின்றார். ஆனால் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்பும் அவர், வேலைநாள்களில் அவ்வீட்டில் உறங்குவதன்றி வேறு செய்வது சிறிதே. பகல் முழுதும் அங்கு வாழ்பவர் வேறொருவர். அவர் மனைவியாக இருக்கலாம். ஊரிலிருந்து அழைத்துவந்த வயோதிபத் தாயாக இருக்கலாம். பள்ளி செல்லாத குழந்தையாகவும் இருக்கலாம். வீடு எவருக்கு அதிகம் பயன்படுகின்றதோ அவரைக் கொண்டே வீட்டைத் தெரிதல் முறை.

ஊரிலே வேலியோரம் நின்று அயல்வீட்டாரோடு பேசியும், மாலையிற் கோயிலுக்கு நடந்து சென்றும் பழகிய முதியவள் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளை நாலாம் மாடியில், மொழி தெரியாத அயலில், மகன் வரும்வரை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கச் செய்தால், மகனுடைய அன்பு எத்துணையதாயினும் அவளுக்கு அது சிறையே. அத்தகைய தாய் உள்ள வீட்டாருக்கு வெள்ளவத்தையோ பம்பலப்பிட்டியோ கொட்டாஞ்சேனையோ வாடகை கூடினும் தகும். தமிழிற் பேசி மரக்கறி வாங்கச் சந்தையும், நோயைத் தன் மொழியிற் சொல்ல வைத்தியரும், நடந்து செல்லக் கோயிலும் தேவாலயமும் அவ்விடங்களில் உள்ளன. பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலும், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலும், அந்தோனியார் தேவாலயமும் அவரவர்க்கு ஆறுதல் தரும் இடங்கள். 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் உள்ளது. வாசிப்பில் விருப்புடையோர்க்கு அதன் நூலகம் பெருந்துணை. மாறாக, வீட்டில் உள்ளோர் இளையராய் இருந்து, சிங்களம் ஓரளவு பேசக்கூடியவராயின், மஹரகமவோ கிரிபத்கொடையோ அவர்களுக்கு இடையூறாகாது. அயற்பிள்ளைகளோடு விளையாடும் குழந்தை ஓராண்டில் மற்றொரு மொழியைப் பேசப் பழகிவிடும். அதுவும் ஒரு செல்வமே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. கொழும்பில் தமிழர் தம்மவர் உள்ள இடத்தை நாடுவது மொழியின் பொருட்டு மட்டுமன்று, அச்சத்தின் பொருட்டுமாகும். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களை நேரிற் கண்டோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய தயக்கத்தை ஏளனஞ் செய்தல் தகாது. ஆயினும் அவ்வனுபவத்தின் முழுப்பொருளையும் நோக்கல் வேண்டும். 1983 யூலையில் வெள்ளவத்தையும் தப்பவில்லை. அங்கும் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. தம்மவர் திரண்டிருந்தமை மட்டும் அன்று காவலாகவில்லை. அதே நாள்களில், நகரின் பல பகுதிகளிலும், சிங்கள முஸ்லிம் அயலவர் தம் வீட்டில் ஒளித்து வைத்துக் காத்தமையாற் பிழைத்தோர் பலர். முன்பே முகமறிந்து பழகிய அயலவர்க்கே அக்கதவுகள் எளிதில் திறந்தன. ஆதலின் எவ்விடத்திற் குடிபுகுந்தாலும், இருபுறத்து வீட்டாரையும் முதல் வாரத்திலேயே அறிமுகம் செய்துகொள்ளல் வெறும் உபசாரமன்று. குடும்பத்துக்குத் தேடும் காவலாகும்.

பிள்ளைகள் உள்ளவர்க்குப் பாடசாலை பெரிய காரியம். பம்பலப்பிட்டியில் 1951இல் தொடங்கிய இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும், வெள்ளவத்தையிற் சைவ மங்கையர் வித்தியாலயமும், கொட்டாஞ்சேனைப் பகுதியில் விவேகானந்தா முதலியனவும் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகளாம். நகரின் வெளிப்புறத்தில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் அரியன. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது, பாடசாலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமும், பெற்றோர் அவ்விடத்தில் எத்தனை ஆண்டு வசித்தனர் என்பதும் நோக்கப்படுகின்றன. வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பெயர் இருத்தலே வதிவிடத்துக்கு முதன்மையான சான்று. இதனைப் பலர் பிள்ளைக்கு ஐந்து வயது வந்த பின்னரே அறிந்து கலங்குகின்றனர். குடிபுகுந்த ஆண்டிலேயே கிராம உத்தியோகத்தரிடஞ் சென்று பதிந்துகொள்ளல் வேண்டும். வாடகைக்கு இருப்போரின் பெயர் இடாப்பில் ஏறுவதைச் சில வீட்டுக்காரர் விரும்புவதில்லை. அத்தகைய வீடு அழகானதாயினும் சிறுபிள்ளை உள்ளவருக்கு உதவாது. ஆகவே முற்பணம் கொடுக்குமுன் இதனைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

அடுத்து, நிலத்தின் இயல்பு. கொழும்பின் கிழக்கெல்லையிலும் களனி கங்கையின் இருமருங்கிலும் சதுப்பு நிலமும் வயலும் நிரப்பப்பட்டுக் குடியிருப்புகளான இடங்கள் பல உள. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவெல முதலிய பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியோடு வந்த பெருமழையிலும் கங்கை மீண்டும் கரைபுரண்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையிற் குவிந்திருந்த குப்பைமேடு சரிந்து அயலிலுள்ள வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டனர். அங்கு வாழ்ந்தோர் அறியாமையால் வாழ்ந்தவரல்லர். வேறிடம் செல்ல வசதியின்மையால் வாழ்ந்தவர் பலர். தெரிவு செய்யும் வாய்ப்புடையவர் அதனைப் பயன்படுத்தாதிருத்தல் தவறாகும். வெள்ளை அடித்த சுவர் உண்மையை மறைக்கும். ஒழுங்கை முனையிலுள்ள கடைக்காரரோ மறைப்பதில்லை. சென்ற வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அவரைக் கேட்டால் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்.

தொடர்மாடி வீட்டை விரும்புவோரும் சிலவற்றைக் கவனித்தல் நன்று. 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீடித்தது. மின்தூக்கி நின்றது, நீரிறைக்கும் இயந்திரமும் நின்றது. சமையல் எரிவாயு கிடைக்காதபோது நிலத்திலுள்ள வீட்டார் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினர். எட்டாம் மாடியில் உள்ளவருக்கு அதற்கும் வழியில்லை. முதியோரும் கர்ப்பிணிகளும் உள்ள குடும்பங்கள் இரண்டாம் மாடிக்கு மேலே செல்லாதிருத்தல் நன்று.

கடைசியாக, ஒப்பந்தம். வீட்டுக்காரர் பல மாத வாடகையை முற்பணமாகக் கேட்பது கொழும்பின் வழக்கம். அப்பணம் மாதந்தோறும் கழியுமா, விடும்போது திருப்பித் தரப்படுமா என்பதை எழுத்திற் பெறல் வேண்டும். வாடகை எப்போது உயரும், வீட்டை விட எத்தனை மாத அறிவித்தல் வேண்டும் என்பனவும் அதில் இருத்தல் வேண்டும். ஒரே மின்மானியைப் பல குடித்தனங்கள் பயன்படுத்தும் வீட்டில், கட்டணம் எவ்வாறு பங்கிடப்படும் என்று கேட்டல் மிக அவசியம். பாவிக்கும் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடும் முறை நம் நாட்டில் உள்ளமையால், சிக்கனமாக இருப்பவரும் அங்கே கூடிய விலையே கொடுக்க நேரும். கொடுத்த பணத்துக்கு ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்கல் வேண்டும். உறவினர் வீடாயினும் இவ்விதி மாறலாகாது. பின்னர் உறவு கெடாதிருக்க இதுவே வழி.

இவையனைத்தையும் ஒரே நாளில் அறிந்துவிட இயலாது. வீட்டை மூன்றுமுறையேனும் சென்று பார்த்தல் வேண்டும். வேலைநாளிற் காலை ஏழு மணிக்கு ஒருமுறை சென்றால் வீதி நெரிசல் தெரியும். மழை பெய்த மறுநாள் ஒருமுறை சென்றால் நிலம் தெரியும். மூன்றாவது முறை செல்லும்போது, பகல் முழுதும் அவ்வீட்டில் இருக்கப்போகின்றவரையும் உடன் அழைத்துச் செல்லல் வேண்டும். அவர் படியேறிப் பார்க்கட்டும். குழாயைத் திறந்து பார்க்கட்டும். அயல்வீட்டுப் பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கட்டும். அவர் முகத்தைப் பார்த்த பின்னர் முற்பணத்தைக் கொடுக்கலாம்.